பி.பி. வரிசையில் நிற்கும் அக்காக்கள்

மதுரை
புதன்கிழமை

அன்பு பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டிருந்த பவர்பாயிண்டை அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. அது என் பழைய பென்டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கிறது. முதல் பாதி முழுக்க சினைப்பை, பிட்யூட்டரி, எஃப்.எஸ்.எச். ஏறுகிற கோடு, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிற கோடு. பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளுக்கு அது சரி. உன் வட்டாரத்து ஸ்டாஃப் நர்சுகளும் கிராம சுகாதார செவிலியர்களான வி.எச்.என்.களும் இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தக் கோடுகளைக் காட்டினால் மூணாவது ஸ்லைடிலேயே கண் சொருகிவிடும். எழுந்து போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதனால் இந்தக் கடிதம். போனில் வாய்ஸ் மெசேஜாகச் சொன்னால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய் என்று தெரியும்.

“மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களின் பராமரிப்பு, ஒரு நாள் பயிற்சி” என்று மேலே இருந்து ஒரு தலைப்பு வந்திருக்கிறது, நீ நடத்த வேண்டும். நல்ல காரியம். இத்தனை நாள் நம் துறை ஒரு பெண்ணை எப்படிப் பார்த்தது என்று உனக்கே தெரியும். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் போட்டதில் ஆரம்பித்து, பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று வரிசையாக ஓடிவந்து பார்ப்போம். ஆபரேஷன் முடிந்த அன்றைக்கு அவள் நம் ரிஜிஸ்டரை விட்டு இறங்கிவிடுவாள். அப்புறம் நாற்பத்தைந்து வயதில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மறுபடி வந்து நிற்பாள். நடுவில் அவள் உடம்பில் நடந்ததை நாமும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உன் ஹாலில் உட்காரப் போகிறவர்களிடமிருந்தே தொடங்கு. வி.எச்.என்.களில் பாதிப்பேருக்கு மேல் அந்த வயதுதான். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேல்நாடுகளில் 51 என்பார்கள். ஆக ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடிக்கப் போட்டி போடுகிறவர்களைக் கவனித்தாலே உனக்குத் தெரிந்துவிடும். காலையில் வந்ததும் ஆளுக்கு ஒரு தாள் கொடு, பெயர் எழுத வேண்டாம் என்று சொல். எம்.ஆர்.எஸ். என்கிற அளவுகோலில் 11 கேள்விதான்: உடம்பு அனல், நெஞ்சு படபடப்பு, தூக்கம், மனச்சோர்வு, எரிச்சல், பதற்றம், உடல் மனக் களைப்பு, தாம்பத்தியம், சிறுநீர்ப் பிரச்சினை, பிறப்புறுப்பு வறட்சி, மூட்டு தசை வலி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கூட்டினால் அதிகபட்சம் 44. தனக்கே போட்டுக்கொள்ளச் சொல். யாரும் வெளியே சொல்ல வேண்டியதில்லை, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளட்டும். தனக்கு 20 வந்ததைப் பார்த்த ஒரு நர்ஸ், மறுநாள் ஓ.பி.யில் “வயசானா அப்படித்தாம்மா” என்று வாயெடுக்க யோசிப்பாள். எந்த ஸ்லைடும் இதைச் செய்யாது.

நீயும் ஒன்று எடுத்துப் போடு. போன வாரம் பேசும்போது ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருகிறது என்று சொன்னாயே, அதைப் பிள்ளையின் நீட் பரீட்சைக் கவலை என்று நீயாகவே எழுதித் தள்ளிவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொந்தரவுக்கென்று எந்தப் பெண்ணும் பி.எச்.சி.க்கு வரமாட்டாள். வேறு எதற்கோ வந்திருப்பாள். 2021 ஆகஸ்ட் 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து பலருக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது, கொண்டுபோவதும் அதே தெருவைச் சேர்ந்த பெண்தான். ஆக, மாதம் ஒரு தடவை யாராவது ஒருத்தி பி.பி. கருவியோடு அவள் முன்னால் உட்காருகிறாள். அந்த நேரத்துக்குள் கேட்கக்கூடிய கேள்விகளைத்தான் பயிற்சியில் நீ பழக்க வேண்டும். “மாசாமாசம் வர்றது இப்ப எப்படி இருக்கு?” என்று தொடங்கட்டும். “ராத்திரி தூக்கம் எப்படி?” என்பது அடுத்தது. மூன்றாவதைப் பக்கத்தில் மருமகளோ வீட்டுக்காரரோ இல்லாதபோது கேட்க வேண்டும்: “தும்முனா, இருமுனா சொட்டுச் சொட்டாப் போயிடுதா? ஒண்ணுக்குப் போறப்போ எரியுதா?” மூன்றே போதும். பத்துக் கேள்வி கொடுத்தால் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பதில் எப்படி வரும் என்பதையும் நடித்துக் காட்டு. யாரும் “எனக்கு ஹாட் ஃபிளஷ்” என்று வந்து நிற்பதில்லை. “குப்புனு அனல் அடிக்குது நர்ஸம்மா.” “உள்ளங்கால் எரியுது, ராத்திரி தரையிலதான் படுக்குறேன்.” “காரணமே இல்லாம அழுகை வருது, யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழுறேன்.” “அடி எறங்கின மாதிரி இருக்கு.” இப்படித்தான் வரும். இதில் உள்ளங்கால் எரிச்சல் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறாக இருக்கலாம், அடி இறங்குவது உண்மையிலேயே கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். இதற்கு மட்டும் காலை முழுவதையும் கொடு. மற்றதெல்லாம் மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

அனல் எப்படி வருகிறது என்று முதலில் தெளிவாகச் சொல். மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற இடம் உடம்புச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய அது தொட்டாற்சுருங்கியாகிவிடுகிறது. அரை டிகிரி சூடு ஏறினால்கூட ஏதோ காய்ச்சல் அடிப்பதுபோல் தோல் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு வேர்க்க வைக்கிறது. நெஞ்சில் தொடங்கும், கழுத்து, முகம் என்று மேலே ஏறும், நெஞ்சு படபடக்கும், சில நிமிஷத்தில் அடங்கி ஒரு குளிர் வரும். இந்த வரிசையை நர்ஸ் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் வேர்வை என்றதும் வயசு என்று முடிவு கட்டினால் ஆபத்து.

உன் பக்கத்துப் பெண்களையே எடுத்துக்கொள். போடி, தேவாரம், கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலை ஏறிப்போகிறவர்கள். விடிகாலை எழுந்து சோறு பொங்கி, தூக்கில் அடைத்து, ஒரு டீயும் கிளிமெபிரைடு மாத்திரையும் போட்டுவிட்டு ஜீப் ஏறுகிற ஒரு அக்காவை நினைத்துப் பார். தூக்கைத் திறப்பது தோட்டத்தில் ஒன்பது மணிக்கு மேல். எட்டு மணிக்கே உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கும். பக்கத்தில் நிற்கிறவள், “உனக்கும் நின்னுபோற வயசு வந்துருச்சு, அதான்” என்பாள். அவளும் நம்புவாள், நம் நர்சும் நம்புவாள். அது தாழ்சர்க்கரை. அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் 70-க்குக் கீழே காட்டும். வெறும் வயிற்றில் வருகிறதா, பசி நடுக்கத்தோடு வருகிறதா, ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டதும் அடங்குகிறதா, இவ்வளவையும் கேட்டால் போதும். மாத்திரை நேரத்தை மாற்ற டாக்டரிடம் அனுப்பிவிடலாம். என்னைக் கேட்டால் வகுப்பில் மாதவிடாய் பற்றிய பாடத்துக்கு நடுவில் மேஜைமேல் ஒரு குளுக்கோமீட்டரை வைத்துவிடு. ஏன் வைத்தாய் என்று யாராவது கேட்கட்டும், அங்கிருந்து இந்தக் கதையைத் தொடங்கு.

ராத்திரி வேர்வை என்றால் இன்னும் கவனம். நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கிறது, கூடவே ரெண்டு வாரமாக இருமல், சாயங்காலம் உடம்பு காய்கிறது, ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால் சளி டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். காசநோய் அந்த வயதுப் பெண்ணை விட்டுவிடுவதில்லை. எடை குறைந்து, கை நடுங்கி, சும்மா இருக்கும்போதும் நாடி நூறுக்கு மேல் ஓடினால் தைராய்டு பார்க்கச் சொல்ல வேண்டும். மேலே நாலு படி ஏறியதும் வேர்வை, தாடையிலோ இடது தோளிலோ இழுப்பு, மூச்சு வாங்கல் என்றால் உட்கார வைத்து ஈ.சி.ஜி. எடுக்கிற வேலையைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. சர்க்கரை இருக்கிற பெண்ணுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராமலும் போகலாம். வெளுத்துப்போய்ப் படபடக்கிறது என்றால் கண் இமையை இழுத்துப் பார், ஹீமோகுளோபின் பார். மாதவிடாய் நிற்கப்போகிற வருஷங்களில் பெரும்பாடு வந்து ரத்தமெல்லாம் போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிரிப்பார்கள். 43, 44 வயதில் ரெண்டு மூணு மாதம் வரவில்லை என்றால் முதலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு டெஸ்ட். ஆபரேஷன் பண்ணாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “நின்னுபோச்சுன்னு நெனச்சேன்” என்று ஐந்தாம் மாதத்தில் வந்து நின்றவர்களை நம் ஆட்களில் பார்க்காதவர் கிடையாது. கடைசி மாதவிடாய் முடிந்து முழுசாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்லக்கூடாது. 50 வயதுக்குக் கீழே என்றால் கருத்தடை ரெண்டு வருஷம்வரை தொடர வேண்டும்.

அப்படி 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சாதாரணம் இல்லை. இதை மட்டும் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி நாள் முழுக்க அழிக்காமல் விடு. நம் ஊரில் இதற்கு ரெண்டே விதமான பதில்தான் இருக்கிறது. ஒன்று “உஷ்ணம்”, இன்னொன்று “திரும்ப வந்துருக்கு, உடம்பு இன்னும் இளமையாத்தான் இருக்கு”. ரத்தம் நிற்க நாலு மாத்திரை வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தைக் கடத்திவிடுவார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமன் பார்க்க வேண்டும். 4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சவ்வை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் சவ்வு மெலிந்துபோனதால் வந்ததாகவோ சின்னச் சதை வளர்ச்சியாகவோ இருக்கும். புற்றுநோயாக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகிற புற்றுநோய்தான். நர்ஸ் செய்ய வேண்டியது கானாவிலக்கு மெடிக்கல் காலேஜுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும், அடுத்த வாரம் போன் போட்டு “போனீங்களா?” என்று கேட்பதும். சீட்டு எழுதுவது யாருக்கும் மறப்பதில்லை. போன்தான் மறந்துபோகிறது.

எங்கே வைத்துக் கேட்பது என்று உன் ஆட்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஓ.பி. வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் ஒரு பி.எச்.சி.யில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு தனியாக இருக்கிற இடம் ஒன்று உண்டு: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பார்க்கிற அறை. அது தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே உன் தேனி மாவட்டத்திலும் தஞ்சாவூரிலும்தான், 2007-இல். அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கிற வேலையை நர்சுகள் எங்கே செய்யப்போகிறார்கள் என்று அப்போது எல்லோரும்தான் சந்தேகப்பட்டார்கள். செய்தார்கள், செய்துகொண்டும் இருக்கிறார்கள். இதையும் அதே கைகள் செய்யும்.

அந்த அறையில் கற்றுக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத பிறப்புறுப்புச் சவ்வு காகிதம்போல் மெலிந்திருக்கும். நாலு பிள்ளை பெற்றவள்தானே என்று வழக்கமான ஸ்பெகுலத்தை நுழைத்தால் கத்திவிடுவாள், சமயத்தில் கீறி ரத்தமும் வரும். அப்புறம் சாகும்வரை அந்தப் பக்கம் வரமாட்டாள், தன் தெருவில் நாலு பேரையும் வரவிடமாட்டாள். சின்ன அளவு ஸ்பெகுலம், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தது, மூச்சை வெளியே விடச் சொல்லிவிட்டு மெதுவாக. வலித்தால் கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். பயிற்சியில் மூணு அளவையும் மேஜையில் பரப்பி வை, எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். இன்னொன்று: மாதவிடாய் நின்றபின் பார்க்க வேண்டிய செல் எல்லை உள்ளே போய்விடுவதால் அசிட்டிக் அமிலப் பரிசோதனை முழுசாக நம்பக்கூடியது இல்லை. எல்லை தெரியவில்லை என்றால் “நார்மல்” என்று எழுதாமல், “தெரியவில்லை” என்று எழுதி, பேப் ஸ்மியருக்கோ எச்.பி.வி. பரிசோதனைக்கோ அனுப்பச் சொல்.

அனலாவது சில வருஷத்தில் அடங்கிவிடும். சில வருஷம் என்றால் கொஞ்சமில்லை, அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வில் நடுமதிப்பு 7.4 ஆண்டு என்று வந்தது. கீழ்ப்பக்கத்து வறட்சி அப்படி அடங்காது, போகப் போகக் கூடும். அதனோடு சேர்ந்து அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். மூணு மாதத்துக்கு ஒரு தடவை அதே ஆன்ட்டிபயாட்டிக் எழுதி வாங்கிப் போகிற அக்காக்கள் உன் ஓ.பி.யில் எத்தனை பேர் என்று சீட்டுகளைப் புரட்டிப் பார். அவர்களில் பலருக்கு வேண்டியது டாக்டர் எழுதித் தருகிற ஈஸ்ட்ரோஜன் களிம்பு, கொஞ்சமாகப் பிறப்புறுப்பின் உள்ளே தடவுவது. உடம்பில் ஏறுவது மிகக் குறைவு என்பதால் பெரும்பாலானவர்களுக்குப் பயமில்லை. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு போட வேண்டும்.

ஜீப்பில் போகிற பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல். வழியில் ஒதுங்க இடமில்லை, தோட்டத்தில் கக்கூஸ் கிடையாது, அதனால் காலையிலிருந்து வாயில் தண்ணீர் படாது. அவர்களிடம் “நெறைய தண்ணி குடிங்கம்மா” என்று சொல்கிற நர்சைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள். வேலை முடிந்து ஜீப் இறங்கியதிலிருந்து தூங்கப்போவதற்கு ரெண்டு மணி நேரம் முன்வரை எவ்வளவு குடிக்க முடியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதே உருப்படியான அறிவுரை.

சொட்டுச் சொட்டாகப் போவதற்கு இடுப்புத் தரைத் தசைப் பயிற்சி. இதை எல்லோரும் வாயால் சொல்வார்கள், செய்து காட்டமாட்டார்கள். சபையில் காற்று பிரியாமல் அடக்குவோமே அந்தத் தசையை உள்ளே மேலே இழுக்கணும், வயிறும் தொடையும் இறுகக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. எட்டுத் தடவை இழுத்துவிட்டு, அப்படி நாளைக்கு மூணு வேளை, குறைந்தது மூணு மாதம். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது தப்பு. பயிற்சி ஹாலில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யட்டும். வெளியே யாருக்கும் தெரியாது, அதுதான் இதன் சௌகரியம். ஜீப்பிலும் செய்யலாம்.

தாம்பத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஹாலே தரையைப் பார்க்கும். பார்க்கட்டும், நீ பேசு. வலிக்கிறது என்று ஒதுங்குகிற மனைவியைக் குடித்துவிட்டு வருகிற புருஷன் சந்தேகப்பட்டு அடிக்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே இருப்பது வறட்சி, அதற்கு வழவழப்புக் களிம்பு இருக்கிறது, மருந்து இருக்கிறது என்று ஒரு நர்ஸ் அவளிடம் சொன்னால் பாதிப் பாரம் இறங்கும். அடி விழுகிறது என்றால் பெண்கள் உதவிக்கான 181 நம்பரை எழுதிக் கொடுக்க வேண்டும். வாழ்க்கை வேண்டாம் என்கிற பேச்சு வந்தால் அதைப் “புலம்பல்” என்று தள்ளக்கூடாது. இந்த வயதில் மனச்சோர்வு கூடும் என்பது தெரிந்த விஷயம். ரெண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, சாகணும்போல் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. டெலிமனஸ் மனநல உதவி எண் 14416-இல் ராத்திரியிலும் எடுப்பார்கள். ஆனாலும் நம்பரைக் கொடுத்துவிட்டு நர்ஸ் எழுந்துவிடக்கூடாது, டாக்டரிடம் கூட்டிப்போய் விட வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்தவர்களைத் தனியாகக் கேட்கச் சொல். தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி 15 முதல் 49 வயதுக்குள்ளேயே நூற்றுக்கு மூணு பெண்கள்போல் எடுத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று எடுத்துக்கொண்டது 2019-இல் பெரிய செய்தியானது. நம் பக்கமும் “தொந்தரவே வேண்டாம், எடுத்துடலாம்” என்கிற பேச்சு சகஜம்தானே. நர்ஸ் கேட்க வேண்டியது: “முட்டைப்பையையும் எடுத்தாங்களா?” பாதிப்பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். ரெண்டு பக்கமும் எடுத்திருந்தால் மறுநாளே மாதவிடாய் நிற்கும் வயது வந்ததுபோல், அனலும் தூக்கமின்மையும் ஒரேயடியாகத் தாக்கும். 45-க்கு முன் இப்படி ஆனவர்களுக்கு எலும்பும் இதயமும் சீக்கிரம் கெடும், ஹார்மோன் மருந்து வேண்டுமா என்று மகப்பேறு டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். கர்ப்பப்பை இல்லாதவளுக்கு மாதவிடாய்க் கணக்கே கிடையாது என்பதால் யார் கண்ணிலும் படாமல் போகிறவள் இவள்தான்.

ஹார்மோன் மாத்திரை என்றதும் “கேன்சர் வரும்” என்று நர்சுகளே சொல்வார்கள். எங்கிருந்து வந்தது இந்தப் பயம் என்று சொல்லிவிடு. 2002-இல் அமெரிக்காவின் டபிள்யூ.எச்.ஐ. ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை போட்டவர்களுக்கு, 10,000 பேரில் ஆண்டுக்கு 8 பேருக்குக் கூடுதலாக மார்புப் புற்றுநோய் வந்தது. பக்கவாதமும் கூடியது. உலகமே மாத்திரையை நிறுத்திவிட்டது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. 60-க்குக் கீழே, நின்று பத்து வருஷத்துக்குள், வேறு நோயில்லாமல், அனலால் வாழ்க்கையே கெட்டுப்போகிற பெண்ணுக்கு நன்மைதான் அதிகம் என்பது இப்போதைய நிலை. மார்புப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டி, ஈரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் கூடாது. கர்ப்பப்பை இருக்கிறவளுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக மாத்திரையாகக் கொடுக்கக்கூடாது. எழுதுவது டாக்டர் வேலை. பொய்ப் பயத்தைப் பரப்பாமல் இருப்பதும், மருந்து போடுகிறவளுக்கு ரத்தம் படுகிறதா, கால் வீங்குகிறதா என்று பார்ப்பதும் நம் வேலை. ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெனலாஃபாக்சின், காபாபென்டின் போன்றவை இருக்கின்றன. வெனலாஃபாக்சின் போடுகிறவளுக்கு பி.பி. ஏறலாம், அது நாம் எப்படியும் பார்க்கிற பி.பி.தான்.

45-க்கு மேல் தொந்தரவு தெளிவாக இருந்தால் எஃப்.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை தேவையே இல்லை. அந்த வருஷங்களில் அது நாளுக்கு நாள் மாறும். தனியார் லேபில் ரெண்டு நாள் கூலியைக் கட்டிவிட்டு வருகிற பெண்களுக்காகச் சொல்கிறேன். டி.வி.யில் விற்கிற லேகியத்தைப் பற்றியும் கேட்பார்கள். கேலி செய்ய வேண்டாம், எதைப் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும், அதிலேயே சர்க்கரையும் ஸ்டீராய்டும் மாட்டலாம்.

எலும்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்றால், 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல் இருக்கிறது, நெத்திலிக் கருவாடு, எள், முருங்கைக்கீரை எல்லாம் உன் ஊரில் மலிவு. மாத்திரை கொடுத்தால் இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாமலும், தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளியும் போடச் சொல்ல வேண்டும். கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததா என்று கேட்பது முக்கியம். அதுதான் எலும்பு தேய்ந்ததற்கு முதல் எச்சரிக்கை.

மதியம் ஜோடி ஜோடியாக நடிக்க வை. ஒருத்தி நோயாளி. அவள் கையில் ஒரு சீட்டு, அதில் அவளுடைய உண்மையான தொந்தரவு. நர்ஸ் சரியாகக் கேட்டால்தான் சொல்ல வேண்டும், தானாகச் சொல்லக்கூடாது. நோயாளி வாய் திறக்கிற வரை விட்டுவிடு. அந்த மௌனத்தில் நர்ஸ் நெளிவாள், உடனே எழுந்து காப்பாற்றாதே. ஆண் ஸ்டாஃப் நர்சுகள் வந்தால் அவர்களையும் நோயாளியாக உட்கார வை.

முன்தேர்வு, பின்தேர்வு என்று ஒரு தாள் கட்டாயம் கொடுக்கச் சொல்வார்கள், கொடு. எல்லோருக்கும் மார்க் ஏறியிருக்கும், எப்போதும் ஏறும். அதை நம்பாதே. புது ரிஜிஸ்டர் ஒன்றும் ஆரம்பித்துவிடாதே, ஏற்கெனவே ஆன்லைனில் ஏற்றுகிறதிலேயே அவர்களுக்கு இடுப்பு ஒடிகிறது. கொந்தளித்துவிடுவார்கள், கொந்தளிப்பதும் சரிதான். இருக்கிற சர்க்கரை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் மூணே எழுத்து: நின்றுவிட்டதா, ரத்தம் படுகிறதா, தூக்கம் உண்டா. மூணு மாதம் கழித்து நாலு துணை சுகாதார நிலையத்துக்குப் போய் நோட்டை மட்டும் புரட்டிப் பார். ஓரத்தில் பென்சில் இருந்தால் பயிற்சி நடந்திருக்கிறது.

தேதி வைக்கும்போது வீரபாண்டி சித்திரைத் திருவிழாவோடு மோதாமல் பார்த்துக்கொள், பாதி ஹால் காலியாகிவிடும். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் அதுவும் வேண்டாம். சனிக்கிழமை வைத்தால் நானும் வருகிறேன், ஆரப்பாளையத்தில் ஆறு மணி பஸ் பிடித்தால் ஒன்பதுக்குள் வந்துவிடலாம். ஸ்பெகுலம் மூணு அளவும் என்னிடம் இல்லை, நீ ஏற்பாடு பண்ணிக்கொள். எம்.ஆர்.எஸ். தாளை நம் ஊர்ப் பேச்சில் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன்னால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு.

உன்
அக்கா